இவருக்குப் பதில் இவர்

"அம்மா, ஒரு விசயம்" என்றான் சரவணன்.

"செத்த இருடா, விளம்பரம் வரட்டும்" என்றாள் புஷ்பம்.

அவன் வாசற்படியில் நின்றிருந்தான். அவனுடைய அம்மா புஷ்பம், எதிர்வீட்டு மும்தாஜ் அக்கா, நான் மூன்று பேரும் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டி.வி.யைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். நடுவில் சின்ன வெங்காயம் குவிந்து கிடந்தது. மின்விசிறிக் காற்றில் வெங்காயச் சருகு பறந்து பறந்து எங்கள் தலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. கைகள் தம்பாட்டுக்கு உரித்துக்கொண்டிருந்தன. கண்கள் எங்களிடம் இல்லை.

விளம்பரம் வந்தது. துணி சோப்பு விளம்பரம். புஷ்பம் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என்னடா, சொல்லு" என்று திரும்பினாள். படியில் யாரும் இல்லை. செருப்பும் இல்லை.

"பசிக்குதுன்னு சொல்ல வந்திருப்பான். சோறு அடுப்பு மேலதான இருக்கு, போட்டுத் திங்கத் தெரியாதா இவனுக்கு" என்று முனகிவிட்டு அவள் மறுபடியும் திரையைப் பார்த்தாள். நாடகம் தொடர்ந்தது.

சரவணன் அன்றைக்கு வீடு திரும்பவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. இந்த வாரம் இதை எழுதும்வரை வரவில்லை.

வெங்காயத்தின் தலையில்

போன வாரம் இந்தப் பக்கத்தில், திண்டுக்கல் பிரியாணிக் கடைகளுக்கு நாங்கள் வெங்காயம் உரித்துக் கொடுத்த கதையை எழுதியிருந்தேன். "உரிக்கும்போது டி.வி. பார்ப்போம் என்றீர்களே, என்ன நாடகம்?" என்று வாசகிகள் சிலர் கேட்டிருக்கிறார்கள். கேலியாகத்தான் கேட்டிருக்கிறார்கள். நானும் கேலியாகவே எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனா அந்த வாசற்படியில் போய் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்கிறது.

எங்கள் தெரு பேகம்பூரை ஒட்டியது. காலையில் கடைக்காரர்கள் மூட்டையை இறக்கிவிட்டுப் போவார்கள். சாயங்காலம் உரித்ததை எடுக்க வருவார்கள். புஷ்பம் வீட்டில்தான் பெரிய டி.வி. இருந்தது. அவள் புருஷன் லாரி ஓட்டியவர். ஒரு விபத்தில் அவர் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு மிஞ்சியது சரவணனும் அந்த டி.வி.யும்தான். ஆகவே மூட்டைகள் அங்கே சேர்ந்தன, நாங்களும் சேர்ந்தோம்.

நாடகத்துக்கு ஏதோ மங்களகரமான பெயர் ஒன்று உண்டு. நாங்கள் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. "ரெண்டரை மணி" என்போம். "நேத்து ரெண்டரை மணியில என்ன ஆச்சு?" என்று கேட்டால் எங்கள் தெருவில் குழந்தைக்கும் பதில் தெரியும். என் மூத்த பெண் வயசுக்கு வந்தபோது ஆரம்பித்த நாடகம், அவளுக்குக் கல்யாணம் ஆன பிறகும் ஓடிக்கொண்டிருந்தது.

வெங்காயம் உரிப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. அழுதால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். நாடகத்துக்கு அழுதது, சொந்தக் கதைக்கு அழுதது எல்லாவற்றையும் வெங்காயத்தின் தலையில் கட்டிவிடலாம். சரவணன் போன பிறகு புஷ்பம் எதற்கு அழுகிறாள் என்று நாங்கள் பிரித்துப் பார்த்ததே இல்லை.

மாடிக்குப் போன பெண்

அந்த நாடகத்தில் மரகதம் என்று ஒரு அம்மா. பெரிய பங்களா, மூன்று மகன்கள், வாய் திறக்காத புருஷன். தூங்கி எழும்போதும் தலையில் பூ வாடியிருக்காது. மூத்த மருமகள் சுகன்யா. அவள் புருவத்தைத் தூக்கினால் இடி இடிக்கும். படியில் எண்ணெய் ஊற்றுவது, பாலில் மருந்து கலப்பது, கதவோரம் நின்று ஒட்டுக்கேட்பது இவைதான் அவள் செய்த வீட்டு வேலைகள். அவள் முகத்தைக் கண்டாலே மும்தாஜ் அக்காவுக்கு ஆகாது. "இவ பேதியில போக" என்று திட்டிக்கொண்டே வெங்காயத்தின் தலையைச் சீவுவார்.

கதை எழுதியவர் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. ஒருவர் ஒரு வார்த்தை பேசினால் வீட்டில் இருக்கும் அத்தனை பேர் முகத்தையும் மும்மூன்று தடவை காட்டுவார்கள். திங்கட்கிழமை தட்டிய கதவை வெள்ளிக்கிழமைதான் திறப்பார்கள். அதைக்கூட மன்னிக்கலாம். ஆட்களை மறந்துபோவார்களே, அதைத்தான் மன்னிக்க முடியாது. மரகதத்தின் தங்கை மகள் ஒருத்தி, "பரீட்சைக்குப் படிக்கிறேன் பெரியம்மா" என்று புத்தகத்தோடு மாடி ஏறினாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் இறங்கவே இல்லை. அவளைப் பற்றி ஒருவர் பேசவும் இல்லை.

"அந்தப் புள்ளைக்கு யாராச்சும் சோறு தண்ணி கொண்டு போய்க் குடுத்தாகளா இல்லையா?" என்று மும்தாஜ் அக்கா வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதெல்லாம் நான் வார இதழ்களுக்கு வாசகர் கடிதம் எழுதிக் குவிப்பவள். அந்தப் பெண் என்ன ஆனாள் என்று டி.வி.க்காரர்களுக்கும் ஒரு கார்டு எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை.

கடைசி மகன் பிரபு. அவன்தான் புஷ்பத்துக்கு உயிர். ஒல்லியாக, கொஞ்சம் கூன் போட்டு நடப்பான். யாராவது அதட்டினால் பதில் சொல்லாமல் கழுத்தைச் சொறிவான். "அப்படியே எங்க சரவணன்தான், என்ன?" என்பாள். சுகன்யா நகையை ஒளித்து வைத்துவிட்டுப் பிரபு மேல் திருட்டுப் பழி போட்டாள். மரகதமும் நம்பிவிட்டு, "இனிமே என் மூஞ்சியில முழிக்காதே" என்றாள். அவன் ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்து போனான். அது சரவணன் போவதற்குச் சில மாதம் முன்பு.

என்ன கலர் சட்டை?

மறுநாள் காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்கு மூன்று பேரும் போனோம். ஏட்டையா நல்ல மனிதர். உட்காரச் சொல்லிவிட்டு மெதுவாகத்தான் கேட்டார்.

"கடைசியா யாரும்மா பாத்தது?"

"நாங்கதான் சார்."

"என்ன கலர் சட்டை போட்டிருந்தான்?"

புஷ்பம் என்னைப் பார்த்தாள். நான் மும்தாஜ் அக்காவைப் பார்த்தேன். அக்கா தரையைப் பார்த்தார். குரலைக் கேட்டோம், பதில் சொன்னோம், ஒருத்தியும் திரும்பவில்லை. மரகதம் நேற்று என்ன புடவை என்று கேட்டிருந்தால் மயில்கழுத்துப் பச்சை, சிவப்புக் கரை என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொல்லியிருப்போம்.

"சொல்லுங்கம்மா. கையில பை இருந்துச்சா?"

அதுவும் தெரியவில்லை.

அவனுடைய செல்போன் டி.வி.க்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது. அதை எடுக்க வேண்டுமானால் அவன் எங்களுக்கு முன்னால் வந்து, திரையை மறைத்துக்கொண்டு குனிந்திருக்க வேண்டும். மறைத்தால் நாங்கள் கத்துவோம் என்று அவனுக்குத் தெரியும். எடுக்காமலே போய்விட்டான். போனில் ஒன்றும் இல்லை. அவனோடு ஐ.டி.ஐ. படித்த நண்பர்கள் இரண்டு பேரைக் கேட்டோம். ஒருவன், "கொஞ்ச நாளாவே ஒரு மாதிரி இருந்தான்கா" என்றான். என்ன மாதிரி என்று அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

என்ன சொல்ல வந்தான்? ஒரு பெண்ணைப் பற்றியா? வேலையா? உடம்புக்கு ஏதாவதா? போய்விட்டு வருகிறேன் என்றா? புஷ்பத்தை இன்றுவரை தின்றுகொண்டிருப்பது அந்த ஒரு கேள்விதான். மகன் போனதைக்கூட அவள் விதி என்று விட்டுவிடுவாள். "ஒரு விசயம்" என்றானே, அதை விட முடியவில்லை.

ஊரான் மகனுக்கு ஒரு வேண்டுதல்

தேடாத இடமில்லை. திருப்பூர் பனியன் கம்பெனி வாசல்களில் போட்டோவைக் காட்டிக்கொண்டு நின்றோம். தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் இதே சாடையில் ஒருவன் இருக்கிறான் என்றார்கள், போனோம். வேறு யாரோ. மும்தாஜ் அக்கா தர்காவுக்குக் கூட்டிப் போய்க் கயிறு கட்டிவிட்டார். மாசித் திருவிழாவில் புஷ்பம் தீச்சட்டி எடுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம், வெங்காயக் கூடையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"பழனிக்கு முடி எறக்குறதா நேந்துக்கிட்டேன்."

"நல்லது. சரவணன் வந்ததும் மூணு பேருமாப் போவோம்" என்றேன்.

"சரவணனுக்கு இல்ல. பிரபுவுக்கு."

"எந்தப் பிரபு?" என்று கேட்டுவிட்டுத்தான் எனக்கு விளங்கியது.

"எனக்கு எனக்குன்னு கேட்டு சாமிக்கே சலிச்சுப் போயிருக்கும் வசந்தா. அதான் அந்த மரகதம் மவனுக்குக் கேட்டேன். அவன் வீடு வந்து சேந்துட்டா, பின்னாலயே இவனும் வந்துருவான். எனக்குத் தோணுது."

கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எங்களுக்கு வரவில்லை. வெங்காயத்துக்கு முன்னால் அத்தனை வருடம் உட்கார்ந்தவர்களுக்கு அதில் ஒரு நியாயம் தெரிந்தது. பிரபுவை வரவழைக்கச் சொல்லி டி.வி.க்காரர்களுக்கு எழுது என்றாள். எழுதினேன். ஒரு தாயின் வேண்டுகோள் என்று தலைப்புப் போட்டு எழுதினேன். அதற்கும் பதில் வரவில்லை.

புஷ்பத்தின் முடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரிய முடி, இடுப்புக்குக் கீழே இறங்கும். சின்ன வயதில் சரவணன் அந்தச் சடை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். கோயில் கூட்டத்தில் தொலைந்துபோனால் முகத்தைத் தேட மாட்டான், சடையைத் தேடி ஓடிவந்து பின்னாலிருந்து இழுப்பான். "ஏலே, வலிக்குதுடா" என்று அவள் கத்துவாள். அந்த முடியைத்தான் நேர்ந்துகொண்டாள்.

வந்தவன்

பிரபு வந்தான். நிஜமாகவே வந்தான்.

ஒரு வாரமாகவே அறிவிப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். புஷ்பம் அன்றைக்குத் தலைக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். முதலில் ஒரு கால் தெரிந்தது. பிறகு பை. கேட் திறந்தது. மரகதம் மாடியிலிருந்து விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தாள். இசை ஓங்கியது. கேமரா மெல்ல மேலே போய் முகத்தைக் காட்டியது.

வேறு முகம்.

படம் அப்படியே நின்றது. கீழே எழுத்து வந்தது: பிரபு. இவருக்குப் பதில் இவர்.

"யாரு இவன்?" என்றார் மும்தாஜ் அக்கா. "மொகரையப் பாரு. ஜிம்முக்குப் போற பய மாதிரி இருக்கான். நம்ம புள்ள எங்க?"

அதற்குள் படம் மறுபடி நகர்ந்தது. மரகதம் அந்த ஆளைக் கட்டிப்பிடித்து, "பிரபு, என் ராசா, இளைச்சுப் போயிட்டியேப்பா" என்று கதறினாள். அவன் இளைக்கவே இல்லை. பழைய பிரபுவைப் போல இரண்டு பங்கு இருந்தான். கதை எழுதியவர் வசனத்தைக்கூட மாற்றவில்லை.

பாதி உரித்த வெங்காயம் புஷ்பத்தின் கையிலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் எங்களுக்குள் பெரிய வழக்கு நடந்தது. வந்தது பிரபு இல்லை, அதனால் வேண்டுதல் செல்லாது என்பது மும்தாஜ் அக்கா கட்சி. பாதி பலித்திருக்கிறது, அதனால் பூமுடி கொடுத்தால் போதும், நுனியில் கொஞ்சம் வெட்டிக் கொடுத்துவிட்டு வரலாம் என்பது என் கட்சி. புஷ்பம் இரண்டையும் கேட்டுவிட்டு எழுந்தாள்.

"பெத்தவளே மவன்னு ஒத்துக்கிட்டா. நான் யாரு இல்லேன்னு சொல்ல?"

உரிக்க வேண்டியதை எல்லாம் மும்தாஜ் அக்கா தனியாளாக எடுத்துக்கொண்டார். நானும் புஷ்பமும் பஸ் ஏறினோம். பழனியில் மொட்டை போடும் மண்டபத்தில் ஈரத் தரையெல்லாம் முடி. அங்கே உட்கார்ந்திருந்தவர் கத்தியைக் கழுவிக்கொண்டே, "ஏனுங்கம்மா, பூமுடிங்களா, மொட்டைங்களா?" என்றார். புஷ்பத்தின் சடையைக் கையில் எடுத்துப் பார்த்தவர், "நல்ல முடிங்க. பூமுடியே குடுங்களேன், சாமி ஏத்துக்குமுங்க" என்றார்.

"மொட்டைங்கய்யா" என்றாள் அவள்.

சடை முழுசாக அவள் மடியில் விழுந்தது. ஒரு நிமிடம் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவரே வாங்கிப் போட்டுவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில், தலையில் சந்தனம் காய்ந்து உதிர, ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். ஒட்டன்சத்திரத்தில் பஸ் நின்றபோது, அழுகிய தக்காளி வாடை குப்பென்று ஏறியது. அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"வசந்தா, அந்த மரகதம் குடுத்து வச்சவடி. யாரையாச்சும் அனுப்பி வச்சாகள்ல. எனக்கு அப்படி ஒருத்தன் வந்து நான்தான் சரவணன்னு நின்னாக்கூட, சோத்தப் போட்டு உக்கார வச்சுருவேன்."

நான் அழுதேன். அன்றைக்குக் காரணம் காட்ட வெங்காயமும் இல்லை.

கடைசி நாள் போட்டோ

யாரும் வரவில்லை. நாடகமும் முடிந்துபோனது. திடீரென்று முடித்தார்கள். அத்தனை வருடம் விஷம் கலந்த சுகன்யா அரை மணி நேரத்தில் திருந்தி மரகதத்தின் காலில் விழுந்தாள். எல்லோரும் சேர்ந்து நின்று குடும்பப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்தப் போட்டோவில் பிரபு இல்லை. பழையவனும் இல்லை, புதியவனும் இல்லை. புதியவர் வேறு நாடகத்துக்குப் போய்விட்டாராம். பிரபு வெளியூர் போயிருக்கிறான் என்று யாரையாவது ஒரு வசனம் சொல்ல விட்டிருக்கலாம். அதுகூட இல்லை.

"மாடிக்குப் போன புள்ளையும் எறங்கல" என்றார் மும்தாஜ் அக்கா. அன்று அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

சமீபத்தில் மூன்று பேரும் மறுபடி ஒன்றாக உட்கார்ந்தோம். மும்தாஜ் அக்காவுக்கு முட்டி போய்விட்டது, கட்டிலோடு இருக்கிறார். பார்க்கப் போயிருந்தோம். அவர் மருமகள் போனில் யூடியூபைத் திறந்து, "உங்க ரெண்டரை மணி இதுல இருக்கு மாமி" என்று கொடுத்துவிட்டுப் போனாள். எல்லாமே இருந்தது. கீழே எங்களைப் போன்றவர்கள் ஊர் ஊராக உட்கார்ந்து எழுதியிருந்தார்கள். பழைய பிரபுதான் பிரபு என்று ஒருவர். மாடிக்குப் போன பெண் எங்கே என்று இன்னொருவர். அக்காவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். "நம்ம மட்டும் பைத்தியம் இல்ல" என்று சந்தோஷப்பட்டார்.

புஷ்பம் மட்டும், "அன்னிக்கு ஓடுனதைப் போடு" என்றாள்.

தேதி அவளுக்கு மனப்பாடம். தேடி எடுத்துப் போட்டேன். மரகதம் கூடத்தில் நிற்கிறாள். சுகன்யா மாடிப்படி ஏறுகிறாள். பாதிப் படியில் நின்று திரும்பிப் பார்க்கிறாள். இடி. மரகதம் முகம், புருஷன் முகம், வேலைக்காரி முகம். மறுபடி இடி. சுகன்யா மீதிப் படியை ஏறுகிறாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசவில்லை. மரகதத்தின் புடவை பச்சையும் இல்லை, நீலம்.

"இம்புட்டுத்தானா?" என்றாள் புஷ்பம். "இதுக்காடி அவன நிக்கச் சொன்னேன்?"

போனை அணைத்தேன். அணைத்த திரையில் அவள் முகம் தெரிந்தது போலும். கையால் தலையைத் தடவிக்கொண்டாள். பழனிக்குப் பிறகு முளைத்த முடி முழுக்க வெள்ளையாகத்தான் முளைத்தது. கழுத்துக்குக் கீழே வளரவும் இல்லை.

"வசந்தா, அவன் வந்திருப்பானோ?"

"எப்ப?"

"எப்பவோ. மொட்டையா இருந்தப்ப. இல்ல, இப்பத்தானோ என்னவோ. தெரு முக்குல நின்னு பாத்திருப்பான். வாசல்ல யாரோ ஒரு வெள்ளத்தலக் கெழவி உக்காந்திருக்கா, நம்ம அம்மா இல்ல போலன்னு திரும்பிப் போயிருப்பான்."

மும்தாஜ் அக்கா கட்டிலிலிருந்து கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டி.வி.யிலன்னா எழுதிக் காட்டுவாக" என்றாள் புஷ்பம். "இவருக்குப் பதில் இவருன்னு. என் புள்ளைக்கு யாரு எழுதிக் காட்டுவா?"

எனக்கு டி.வி. இல்லை. இந்தப் பக்கம்தான் இருக்கிறது. சரவணன் வார இதழ் படிப்பவன் இல்லை என்று எனக்குத் தெரியும். அவன் உயிரோடு இருக்கிறானா என்பதே எனக்குத் தெரியாது. எனக்கு நம்பிக்கை போய் வெகுநாளாகிறது, புஷ்பத்திடம் சொன்னதில்லை. ஆனாலும் எழுதித் தருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

சரவணா, வீடு அதேதான். கதவுக்கு மட்டும் வேறு வர்ணம் அடித்திருக்கிறது. அங்கே வெள்ளை முடியோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பவள் உன் அம்மா. வேறு யாரும் இல்லை, அவளேதான். டி.வி.யை எப்போதோ கொடுத்துவிட்டாள். இப்போதெல்லாம் வாசலைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறாள்.